மேல்முறையீட்டாளர் என்னும் சொல்

(தீர்த்தமலை அடிவாரத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவில் நம் காரியதரிசி அவர்கள் எம்மை அணுகி, "ஐயா, சிலம்பும் புராணமும் பலகாற் கேட்டுவிட்டோம். நம்மவருள் வழக்கு நடத்துவோர் பலர். கோர்ட்டிலிருந்து தாள் ஒன்று வந்தால் அதன் பொருள் விளங்காமல் இடர்ப்படுகின்றனர். அதைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். யாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினர். சட்டம் கற்றவர் அல்லோம். ஆதலின் முதலில் மறுத்தோம். பின்னர் எண்ணிப் பார்க்குமிடத்து, கோர்ட்டுத் தாளில் வரும் ஒரு சொல்லைக் குறித்து மட்டும் பேசும் கடமை எமக்கு உண்டென்பது விளங்கிற்று. அச்சொல்லுக்குப் பிழையாக உரை கூறி உறவினர் ஒருவரை நட்டப்படுத்தியவர் யாமே. அப்பிழையை இவ்வவையில் ஒப்புக்கொண்டு, அறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்த பொருளையும் கூறுவது தக்கதென்று துணிந்து நிற்கின்றோம். அச்சொல், 'மேல்முறையீட்டாளர்' என்பது.

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். இம்மலைமேல் இராமதீர்த்தம் முதலாகப் பல தீர்த்தங்கள் உள்ளன. 'பாவத்தைத் தீர்ப்பது தீர்த்தம்' என்று நம்மவர் பொருள் கூறி மகிழ்வர். கேட்பதற்கு இனிய உரையே. ஆயினும் தீர்த்தம் என்பது வடசொல். நீர்த்துறை, ஆற்றைக் கடக்கும் இடம் என்பன அதன் பழம்பொருள். தீர்ப்பு என்பதோ 'தீர்' என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்தது. இரண்டும் ஒலியால் ஒத்தனவேயன்றிப் பிறப்பால் உறவுடையன அல்ல. கோயிலில் இவ்வாறு மயங்கினால் எவர்க்கும் தீங்கில்லை. கோர்ட்டில் மயங்கினால் வீடும் நிலமும் போகும். இதனை யாம் அறிந்த கதையை இனிக் கூறுவோம்.

எமக்கு மாமன் முறையாகும் முதியவர் ஒருவர்க்கும் அவர்தம் பங்காளிக்கும் ஒரு கிணற்றின் நீர்ப்பங்கு பற்றி வழக்கு உண்டாயிற்று. முன்சீப் கோர்ட்டில் மாமாவே வாதி. சாட்சியும் பத்திரமும் அவர்பக்கம் வலுவாக இருந்தமையால் அவருக்கே தீர்ப்பாயிற்று. அன்றைக்கே மலையேறித் தீர்த்தகிரீசுவரர்க்கு அருச்சனை செய்வித்து வந்தார். சில திங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை யாம் பள்ளியிலிருந்து திரும்பியபோது, எம் வீட்டுத் திண்ணையில் ஒரு தாளோடு அமர்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, கோர்ட்டு ஆள் கொடுத்துவிட்டுப் போனான். என் பேர் போட்டிருக்கிறது. பக்கத்தில் என்னவோ நீளமாய் எழுதியிருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். பங்காளியின் பெயருக்கு நேரே 'மேல்முறையீட்டாளர் - பிரதிவாதி' என்றும், மாமாவின் பெயருக்கு நேரே 'எதிர்மேல்முறையீட்டாளர் - வாதி' என்றும் இருந்தன. பண்டிதப் பயிற்சி எம்மை விட்டபாடில்லை. சொல்லைப் பிரித்தோம். மேல்முறையீடு செய்பவர் மேல்முறையீட்டாளர். ஆகவே எதிர்மேல்முறையீடு செய்பவர் எதிர்மேல்முறையீட்டாளர் என்று இலக்கணம் வகுத்துக்கொண்டோம்.

"மாமா, உங்கள் பங்காளி மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். நீங்களும் எதிராக ஒரு முறையீடு போடுவதானால் போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வென்றவர் நீங்கள், உங்களுக்கு எதற்கு முறையீடு? சும்மா இருங்கள்" என்றோம்.

"பண்டிதர் சொன்னால் சரி" என்று அவர் தாளை மடித்து மாடத்தில் வைத்துவிட்டார்.

அத்தாளின் கீழ்ப்பகுதியில் ஆஜராக வேண்டிய நாள் குறித்திருந்தது. வாராவிடின் அவரில்லாமலே கேட்டு முடிவு செய்யப்படும் என்ற வாசகமும் இருந்தது. அவ்வரிகள்மேல் எம் கண் சென்றது, கருத்துச் சென்றிலது. நீண்ட சொல்லொன்றைப் பிரித்த மகிழ்ச்சியில் சிறிய எழுத்தை விட்டுவிட்டோம்.

குறித்த நாள் வந்தது, போயிற்று. மேல்கோர்ட்டில் பங்காளியின் வக்கீல் மட்டும் பேசினார். முன்சீப் தீர்ப்பு மாற்றப்பட்டது. அடுத்த கோடையில் பங்காளி டிக்ரி நகலைக் கையிற் பிடித்துக்கொண்டு மோட்டார்க் கொட்டகையைப் பூட்டியபோதுதான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. மாமாவின் ஓர் ஏக்கர் கரும்பு எம் கண்முன்னே காய்ந்தது.

இந்நிலையில் வக்கீல் ஒருவரிடம் ஓடினோம். 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 41-ஆம் கட்டளையின் 21-ஆம் விதி இத்தகையோர்க்கு ஒரு வழி விட்டிருக்கிறது. அறிவிப்புச் சரியாகச் சேரவில்லை என்றோ, தக்க காரணத்தால் வர இயலவில்லை என்றோ மெய்ப்பித்தால் மேல்முறையீட்டை மறுபடியும் கேட்குமாறு வேண்டலாம். அதற்கும் 30 நாள் கெடு. அக்கெடுவும் கடந்திருந்தமையால் தாமதத்தைப் பொறுத்தருளுமாறு தனியே மனுச் செய்ய நேர்ந்தது. தக்க காரணம் யாது? 'எதிர்மேல்முறையீட்டாளர் என்னும் சொல்லுக்குப் பொருளைத் தவறாகக் கூறி இம்முதியவரைத் தடுத்தவன் நானே' என்று யாம் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட்டோம். பலவாண்டு தமிழ் கற்பித்த கை அன்று சற்றே நடுங்கிற்று. நீதிபதி, எதிர்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டுமாறு நிபந்தனை விதித்து மறுவிசாரணை அளித்தார். முடிவில் முன்சீப் தீர்ப்பே நிலைத்தது. நீர் திரும்பிற்று, கரும்பு திரும்பவில்லை.

எம் பிழை எங்கே நேர்ந்தது? 'எதிர்மேல்முறையீட்டாளர்' என்பதனை ஒருவர் செய்யும் செயலால் வரும் பெயர் என்று கருதினோம். அஃது அவ்வாறன்று. 'எதிர்' என்பது அங்கே 'எதிரில் நிற்பவர்' என்னும் பொருட்டு. மேல்முறையீட்டாளர் ஒருவர் தோன்றிய அளவிலேயே, அவர்க்கு எதிரில் நிறுத்தப்படுபவர்க்கு அப்பெயர் தானே வந்து சேரும். அவர் மனுச் செய்ய வேண்டியதில்லை, கையொப்பமிட வேண்டியதில்லை, விரும்பவும் வேண்டியதில்லை. மணமகன் வந்தவுடன் மணமகளின் தம்பி மைத்துனனாவது போன்றது இது. ஆதலின் ஒருவர் பெயருக்கு நேரே இச்சொல் இருப்பின், 'உம் வெற்றியை ஒருவர் அசைக்க வந்திருக்கிறார். வந்து காத்துக்கொள்க' என்பதே பொருள் எனக் கொள்க.

இனி, 'மேல்முறையீட்டாளர்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'முறை' என்பதற்கு ஒழுங்கு, உறவு, நீதி எனப் பல பொருள் உண்டு. முறையிடுதலாவது நீதி வழங்கும் இடத்தில் தன் குறையைச் சொல்லுதல். 'மேல்' என்னும் அடைமொழி, அம்முறையீடு செல்லும் மன்றத்தைக் குறிக்கும். செய்யும் ஆளைக் குறிப்பதன்று. இங்கும் நம் மக்களிடையே ஒரு மயக்கம் உண்டு. 'அவர் பெயர் மேலே இருக்கிறது. மேல்முறையீட்டாளர் என்று போட்டிருக்கிறது. ஆகையால் அவர் கையே ஓங்கியிருக்கிறது' என்று அஞ்சுவோரைக் கண்டிருக்கின்றோம். பெயர் மேலே எழுதப்படுவது அவர் வழக்கைக் கொண்டுவந்தவர் என்பதனால் மட்டுமே. கீழ்மன்றத்திற் பிரதிவாதியாய் இருந்தவர் மேல்மன்றத்தில் மேல்முறையீட்டாளராய் வரலாம், வாதியும் வரலாம். இரண்டு மன்றத்துப் பெயரும் அருகருகே எழுதப்படுவது இதற்காகவே. தாளைக் காண்போர் இரண்டு பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முறையிடுவோர்க்கும் மேல்முறையிடுவோர்க்கும் உள்ள வேறுபாட்டை நம் பழங்கதைகள் இரண்டால் விளக்குவோம். மனுநீதிச் சோழனின் வாயில் மணியை அசைத்த பசு, தன் கன்றின்மேல் தேர்செலுத்திய இளவரசனைக் குறித்து முறையிட்டது. அதுவரை எந்தத் தீர்ப்பும் இல்லை. ஆதலின் இக்காலச் சட்டப்படி அப்பசு வாதியே. கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்தது வேறு வகை. 'கோவலன் கள்வன், கொல்க' என்னும் ஆணை அரசன் வாயிலிருந்து பிறந்துவிட்டது. அவள் குறை அவ்வாணையின்மேலது. அரசியின் சிலம்பில் முத்தும், தன் சிலம்பில் மாணிக்கமும் இருந்தமையைக் காட்டி, ஆணைக்கு அடிப்படையான செய்தியே பிழையென மெய்ப்பித்தாள். அவள் சென்றது ஆணை பிறப்பித்த அதே அரசனிடம் ஆதலின், இக்காலத்தார் அதனை மறுஆய்வு என்பர். அவனுக்கு மேலொரு மன்றம் இருந்து அங்கே சென்றிருப்பின் மேல்முறையீடு என்பர். எவ்வாறாயினும் உட்கருத்து ஒன்றே. வாதி, மனிதர்மேல் குறைகூறுவார். மேல்முறையீட்டாளர், தீர்ப்பின்மேல் குறைகூறுவார். இவ்வொன்றைப் பற்றிக்கொண்டால் ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

முதலாவது, யார் மேல்முறையீட்டாளர் ஆகலாம் என்பது. தீர்ப்பினால் முழுதும் இழந்தவரோ, ஒரு பகுதி இழந்தவரோ ஆகலாம். பத்து ஏக்கர் கேட்டவர்க்கு ஆறு ஏக்கர் கிடைப்பின், எஞ்சிய நான்கிற்காக அவரும் போகலாம். ஆறு ஏக்கரை இழந்தவரும் போகலாம். இருதரப்பும் உடன்பட்டு எழுதிக்கொண்ட இராஜித் தீர்ப்பின்மேல் பொதுவாக மேல்முறையீடு இல்லை. மக்கள் நீதிமன்றம் என்னும் லோக் அதாலத்தில் செய்துகொண்ட முடிவின்மேலும் இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அதனை இறுதியானதென்று கூறுகிறது. ஆதலின் 'இப்போது கையொப்பமிடுவோம். பின்னர் மேலே போய்ப் பார்த்துக்கொள்வோம்' என்று எண்ணுவோர் ஏமாறுவர். சமாதானம் நன்று; ஆனால் அறிந்து செய்யும் சமாதானமே நன்று.

இரண்டாவது, மேல்முறையீட்டாளர் எதைக்கொண்டு வாதிடுவது என்பது. தீர்ப்பின்மேல் குறைகூற வந்தவர் ஆதலின், அத்தீர்ப்பு எழுந்த சாட்சியத்தையும் பத்திரங்களையும் கொண்டே வாதிட வேண்டும். புதிய சாட்சியை அழைத்து வருதல் பெரும்பாலும் இயலாது. அதற்கென வகுத்த காரணம் இருந்தாலன்றி மன்றம் ஏற்பதில்லை. முதல் மேல்முறையீட்டில் நிகழ்ச்சிகளையும் சட்டத்தையும் ஒருங்கே ஆராய்வர். அதற்கும் மேலே உயர்நீதிமன்றத்திற்குச் செல்லும் இரண்டாம் மேல்முறையீட்டில், முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தால்தான் கேட்பர். ஆகவே 'முன்சீப் கோர்ட்டில் ஏனோதானோ என்று இருப்போம். மேலே போய்ப் பெரிய வக்கீலை வைத்துக்கொள்வோம்' என்பது அடித்தளத்தை மண்ணாற் கட்டி மாடியைக் கல்லாற் கட்டுவதை ஒக்கும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே சுந்தரர் வழக்கு எதனால் முடிந்தது? முதியவர் மூலவோலையைக் காத்து வைத்திருந்து காட்டினமையால் அன்றோ! மூலவோலை முதல் மன்றத்திலேயே வரவேண்டும்.

மூன்றாவது, கெடு. இதனைச் சற்று விரித்துரைப்போம். நம்மவர் பலர் வீழும் குழி இதுவே. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, சிவில் வழக்கின் டிக்ரியின்மேல் உயர்நீதிமன்றத்திற்குச் செல்வதானால் 90 நாள். வேறு மன்றத்திற்குச் செல்வதானால் 30 நாள். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் உயர்நீதிமன்றத்திற்குச் செல்ல 60 நாள். மரண தண்டனையாயின் 30 நாள். வேறு மன்றத்திற்குச் செல்லவும் 30 நாளே. தீர்ப்பின் நகலைப் பெறுவதற்கு மன்றம் எடுத்துக்கொண்ட காலம் இக்கணக்கிற் சேராது. ஆயின் நகலுக்கு விண்ணப்பம் போட்ட பின்னரே அக்கழிவு தொடங்கும். விண்ணப்பமே போடாமல் வீட்டிலிருந்த நாள்களுக்குக் கழிவு இல்லை. ஆதலின் தீர்ப்பு வந்தவுடன், மேலே போவதோ இல்லையோ, நகலுக்கு மனுச் செய்துவிடுதல் அறிவுடைமை. கெடு தவறியவர் தக்க காரணங் காட்டித் தாமதப் பொறுப்பு வேண்டலாம் என்பது உண்மையே. அஃது ஓர் இரக்கம். உரிமை என்று எண்ணிக்கொள்ளுதல் தவறு.

நான்காவது, தடையாணை. மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டால் கீழ்மன்றத் தீர்ப்பு தானே நின்றுவிடும் என்பது ஊரில் வழங்கும் எண்ணம். சட்டம் அவ்வாறு கூறவில்லை. தடையாணை தனியே கேட்டுப் பெற வேண்டும். பெறாதவரை வென்றவர் டிக்ரியை நிறைவேற்றிக்கொள்ளலாம். குற்ற வழக்கிலும் தண்டனையை நிறுத்திவைக்குமாறும் ஜாமீனில் விடுமாறும் தனியே வேண்ட வேண்டும். கண்ணகியின் வழக்கில் நடந்த கொடுமையே இதுதான். அவள் வாதம் வென்றது. அரசனே தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான். ஆயினும் தண்டனை முன்னமே நிறைவேறிவிட்டது. அத்துயரம் நேராதிருக்கவே, இன்று செஷன்சு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை, ஒருவரும் மேல்முறையீடு செய்யாவிடினும், உயர்நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேற்றப்படுவதில்லை.

குற்ற வழக்கைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. சிறையிலுள்ளவர், வெளியே எவரும் துணையில்லாவிடினும், சிறை அதிகாரி வழியாகவே தம் மேல்முறையீட்டை அனுப்பலாம். தண்டனை பெற்றவர் தாமே செய்த மேல்முறையீட்டில் அவர்தம் தண்டனையைக் கூட்டுதல் ஆகாது. அரசு தனியே மேல்முறையிட்டால் அது வேறு. 2009-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, குற்றத்தால் பாதிக்கப்பட்டவரும், எதிரி விடுதலையானாலோ, குறைந்த குற்றத்திற்கே தண்டிக்கப்பட்டாலோ, ஈட்டுத்தொகை போதாதென்றாலோ, தாமே மேல்முறையீட்டாளர் ஆகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமும் இவ்வுரிமையை வைத்திருக்கிறது. அதற்கு முன்னெல்லாம் அடிபட்டவர் சாட்சி மட்டுமே. அரசு போனால்தான் மேல்முறையீடு.

இனி, மேல்முறையீட்டாளர் என்னும் பெயர் ஒருவரை நல்லவரென்றோ தீயவரென்றோ காட்டுவதில்லை என்பதனை, நிகழ்ந்த வழக்குகள் இரண்டால் காட்டுவோம்.

ஒன்று சிவகங்கைச் சீமையினது. கௌரிவல்லப பெரிய உடையணத் தேவர் 1829-இல் மறைந்தபின், ஜமீன் அவர்தம் தமையன் வழியினர் கையிற் சென்றது. அவர் மகளாராகிய காத்தம நாச்சியார், அது தந்தையாரின் தனிச்சொத்து ஆதலின் தமக்கே உரியதென வழக்கிட்டார். சென்னையிலிருந்த சதர் நீதிமன்றத்தில் அவர் வெல்லவில்லை. அம்மையார் தளராது, கடல் கடந்து இலண்டனிலிருந்த பிரிவி கௌன்சிலுக்கு மேல்முறையீட்டாளராகச் சென்றார். 1863-இல் அங்கே கீழ்த்தீர்ப்பு மாற்றப்பட்டது. குடும்பம் பிரியாதிருந்தாலும், ஒருவர் தாமே அடைந்த தனிச்சொத்து அவர் கைம்பெண்ணுக்கும் பின்னர் மகளுக்கும் செல்லும் என்பது தீர்ப்பாயிற்று. தந்தை இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தே அந்நீதி வந்தது. பெண்ணொருத்தி மேல்முறையீட்டாளராய் நின்று பெற்ற அத்தீர்ப்பு, பின்னர் நெடுங்காலம் இந்து சட்டத்தில் எடுத்துக்காட்டாய் விளங்கிற்று.

மற்றொன்று தொலைவில் நிகழ்ந்ததன்று. நம் அரூர்ப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் நிகழ்ந்தது. அதனைக் கூறும்போது நம் தலை தாழ்வதே முறை. 1992 ஜூன் 20 அன்று, கடத்திய சந்தனக்கட்டையைத் தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர் அம்மலைக்குடி மக்களின் ஊருக்குட் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டனர், பெண்கள் 18 பேர் பாலியற் கொடுமைக்கு ஆளாயினர். வழக்கு நெடுங்காலம் நடந்து, தருமபுரி செஷன்சு நீதிமன்றத்தில் முடிந்தது. குற்றஞ் சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் தீர்ப்புக்கு முன்னரே இறந்துபோயினர். 2011 செப்டம்பர் 29 அன்று எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

அதன்பின் என்ன நடந்தது? தண்டனை பெற்றவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றனர். அங்கே அவர்கள் பெயர் 'மேல்முறையீட்டாளர்' என்பது. துன்புற்ற மக்கள் முறையிட்டவர் என்றும், துன்புறுத்தியவர் குற்றவாளி என்றும் பல்லாண்டு கேட்டுப் பழகிய செவிக்கு, குற்றவாளிகளே 'முறையீட்டாளர்' என்று அழைக்கப்படுவது எவ்வளவு கசப்பாய் இருந்திருக்கும்! ஆயினும் சட்டம் அப்பெயரால் அவர்களை உயர்த்தவில்லை. 'உங்கள் குறை தீர்ப்பின்மேலது. அக்குறையை நீங்களே மெய்ப்பியுங்கள்' என்னும் பாரத்தையே அவர்கள் தலையில் ஏற்றியது. மேல்முறையீட்டைக் கேட்ட நீதிபதி பி. வேல்முருகன் அவர்கள் 2023 மார்ச்சு 4 அன்று வாச்சாத்திக்கே நேரில் வந்து இடத்தைப் பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளி, கீழ்த்தீர்ப்பை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவர்க்கும் 10 இலட்சம் ரூபாய் அரசு வழங்க வேண்டுமென்றும், அதில் ஒரு பாதியைப் பாலியற் குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டவரிடமிருந்து வசூலிக்க வேண்டுமென்றும் ஆணையிட்டார். தருமபுரித் தீர்ப்பு வந்த அதே தேதியில், சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அது நிகழ்ந்தது.

காத்தம நாச்சியாரும் மேல்முறையீட்டாளரே. அந்த 215 பேருள் மேலே சென்றவர்களும் மேல்முறையீட்டாளரே. ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றனர். 'கொடியவனுக்கும் மேல்முறையீடு உண்டா?' என்று சினந்து கேட்போர் உளர். உண்டு, இருத்தலும் வேண்டும். கொடியவனென்று தவறாக முடிவு செய்யப்பட்ட கோவலனுக்கும் அதே கதவுதான் வேண்டியிருந்தது. கதவு ஒன்றே, உள்ளே சென்றபின் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பர், பொன் நிற்கும், பித்தளை வெளுக்கும். வாச்சாத்தித் தீர்ப்பு உரைகல்லில் தேய்க்கப்பட்டும் நின்றமையால் அதற்கு வலிமை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. ஆயினும் 1992-இல் துன்புற்றவர் 2023 வரை காத்திருக்க நேர்ந்ததே, அது நம் நாட்டார் அனைவரும் நாணத்தக்கது. மேல்முறையீடு என்னும் உரிமை வேண்டும். அது முப்பது ஆண்டு நீளும் வழக்கம் வேண்டா.

நம் சங்கத்தாருக்கு இறுதியாகச் சில சொல்ல விரும்புகின்றோம்.

கோர்ட்டுத் தாள் வந்தால் முதலில் நாளைப் பாருங்கள். பின்னர் மன்றத்தின் பெயரைப் பாருங்கள். அதன் பின்னரே உங்கள் பெயருக்கு நேரேயுள்ள சொல்லைப் பாருங்கள். எதிர்மேல்முறையீட்டாளர் என்றிருந்தால் அந்நாளில் நீங்களோ உங்கள் வக்கீலோ அங்கே இருத்தல் வேண்டும். கீழ்த்தீர்ப்பில் உங்களுக்கு எதிராகச் சென்ற பகுதி ஏதேனும் இருப்பின், அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்திற்குள் குறுக்கு மறுப்புத் தாக்கல் செய்யவும் சட்டம் இடந்தருகிறது. எம் மாமாவுக்கு யாம் சொல்லத் தவறியவை இவையே.

கீழ்மன்றங்களின் அலுவல் தமிழில் நடைபெறுதலின், தாள் தமிழிலேயே வரும். தமிழில் வருவதனாலேயே அது விளங்கிவிட்டதாக எண்ணாதீர்கள். சட்டச் சொல் தமிழாயினும் தனித்தமிழ். தச்சனுக்கும் கொல்லனுக்கும் தனிச்சொல் இருப்பதுபோல் வழக்கறிஞர்க்கும் உண்டு. மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தந்தது, நம் மக்கள் பிறர் வாயை நம்பியிராமல் தாமே படித்தறிய வேண்டுமென்னும் கருணையால் அன்றோ! அத்தொண்டு இன்னும் முடியவில்லை.

வக்கீல் வைக்கப் பொருளில்லையே என்று அஞ்சுவோர், சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர், வருமானம் குறைந்தோர் ஆகியோர்க்கு இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். மேல்முறையீட்டுக்கும் அவ்வுதவி உண்டு.

மானத்திற்காக மேல்முறையீட்டாளர் ஆகாதீர்கள். 'பங்காளி முன் தலைகுனிவதா?' என்று கிணற்றுக்காக நிலத்தை விற்று வழக்காடியவர் நம்மிலும் உளர். தீர்ப்பில் பிழை இருந்தால் செல்க. மனத்திற் புண் மட்டும் இருந்தால் ஊர்ப் பெரியோரை வைத்துப் பேசி ஆற்றிக்கொள்க. பிழை உண்மையாகவே இருப்பின், எதிரி எத்துணைப் பெரியவராயினும் அஞ்சாது, கெடுவுக்குள் செல்க.

எம் மாமா எம்மை இன்றுவரை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. இப்போதும் எந்தத் தாள் வந்தாலும் எம் திண்ணைக்கே கொண்டு வருகிறார். ஆனால் நீட்டும்போதே, "மாப்பிள்ளை, முதலில் தேதியைப் பாருங்கள், சொல்லை அப்புறம் பிரிக்கலாம்" என்கிறார். பண்டிதர்க்குக் கிடைத்த அந்தப் பாடத்தையே உங்கள் முன் வைத்து அமைகின்றோம்.